பச்சைக் கூடை, நீலக் கூடை, காயலான் கடை: வீட்டுக் குப்பை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை மடிப்பாக்கத்தில் பன்னிரண்டு வீடுகள் உள்ள குடியிருப்பு எங்களுடையது. இரண்டு வருடம் அதன் சங்கச் செயலாளராக இருந்தேன். தண்ணீர் லாரி, மோட்டார் ரிப்பேர், பார்க்கிங் தகராறு போக, மிச்ச நேரமெல்லாம் என்னிடம் கேட்கப்பட்டது குப்பையைப் பற்றித்தான். படிக்கட்டில் கேட்பார்கள், லிஃப்டில் கேட்பார்கள், ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்ஆப்பில் படம் எடுத்து அனுப்பி "இது பச்சையா நீலமா?" என்பார்கள். பச்சைக் கூடை ஈரக் குப்பைக்கு, நீலக் கூடை காய்ந்த குப்பைக்கு. ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்ததுதான் இது. நான் வல்லுநர் இல்லை. மே மாதத்தில் ஏசி இல்லாமல் தூங்கத் தெரியாத ஆள். பதில்களும் அந்த லட்சணத்தில்தான் இருக்கும்.

குப்பையைக் குறைக்க வேண்டும் என்று ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

தராசிலிருந்து. ஊருக்குப் போகும்போது பெட்டி எடை பார்க்கக் கொக்கித் தராசு ஒன்று வைத்திருப்பீர்களே, அதில் ஒரு வாரம் உங்கள் குப்பையை மாட்டிப் பாருங்கள். நான் பார்த்தேன். நான்கு பேர் உள்ள வீட்டில் ஏழு நாளில் எட்டரை கிலோ சேர்ந்தது. அதில் ஐந்தரை கிலோ சமையலறை ஈரக் குப்பை: வாழைக்காய்த் தோல், கீரைத் தண்டு, முருங்கைக்காய்ச் சக்கை, டிகாக்ஷன் போட்ட காபித்தூள், ஊசிப்போன கூட்டு. நான் இரவு பகலாகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்த பிளாஸ்டிக் முழுக்கச் சேர்த்தும் ஒரு கிலோவை எட்டவில்லை.

பிளாஸ்டிக்கைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று சொல்லவில்லை. அது எடையில் குறைவு, ஆயுளில் அதிகம். மழைநீர் வடிகாலை அடைப்பதும் அதுதான். ஆனால் கையை எங்கே முதலில் வைப்பது என்று கேட்டால், ஈரக் குப்பையில் வையுங்கள். காரணம் எளிது. ஈரம் தனியாகப் போய்விட்டால் மற்றது எல்லாம் காய்ந்த சரக்கு, அதற்கு வாங்க ஆள் உண்டு. ஒரு கரண்டி சாம்பார் மேலே கவிழ்ந்துவிட்டால் ஒரு கிலோ பழைய பேப்பரும் குப்பைதான்.

இன்னொன்றும் உண்டு. ஈரக் குப்பை குப்பைமேட்டில் காற்றுப் புகாமல் அடியில் கிடந்து அழுகும்போது மீத்தேன் வருகிறது. முதல் 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அது கார்பன் டை ஆக்சைடைப்போல 80 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். தீயும் பற்றும். 2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடி குப்பைக் கிடங்கு பற்றி எரிந்து நாள்கணக்கில் புகைந்தது நினைவிருக்கலாம். எங்கள் தெருவில் அந்த நாட்களில் ஜன்னலைத் திறக்க முடியவில்லை. அதே வருடம்தான் கிடங்கை ஒட்டிய பள்ளிக்கரணை சதுப்பு நிலம், உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. தென்சென்னைக் குப்பை பெருங்குடிக்கு, வடசென்னைக் குப்பை கொடுங்கையூருக்கு என்பதுதான் இத்தனை வருட ஏற்பாடு. "வெளியே போட்டாச்சு" என்று நாம் சொல்லும் அந்த வெளி, யாரோ ஒருவருடைய பக்கத்துத் தெரு.

நாம் பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் எல்லாவற்றையும் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள்?

அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். பிரிக்காமல் இருக்கச் சொல்லப்படும் சாக்கும் இதுதான். ஆனால் வெறும் சாக்கு என்று தள்ளிவிடவும் முடியாது. எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். ஒரு மாதம் முழுக்கப் பன்னிரண்டு வீட்டையும் கெஞ்சிக் கூத்தாடிப் பிரிக்க வைத்தேன். ஒருநாள் காலை பால் வாங்கித் திரும்பும்போது பார்த்தால், பச்சைக் கூடை, நீலக் கூடை இரண்டையும் வண்டியில் ஒரே தொட்டியில் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்குச் செயலாளர் பதவியையே உதறியிருக்க வேண்டும்.

விசாரித்தால், அன்று வந்தது மாற்று வண்டி. தடுப்பு இல்லாதது. வண்டியில் வந்த அம்மா சொன்னார்: "பன்னெண்டு வீட்ல நீங்க பிரிக்கிறீங்க, அடுத்த நாப்பது வீட்ல யாருமே பிரிக்கல. நான் எதுல போடறது?" நியாயமான கேள்வி. தெருவில் பாதி வீடாவது பிரித்தால்தான் வண்டியில் தனித்தனித் தொட்டி வைப்பதற்கே அர்த்தம் வரும். நாங்கள் அடுத்த இரண்டு குடியிருப்புகளிலும் பேசினோம். மாநகராட்சியின் 1913 எண்ணுக்கு இரண்டு முறை புகார் சொன்னோம். இப்போது பெரும்பாலான நாட்கள் ஒழுங்காகப் போகிறது. தினமும் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

ஆனால் வண்டியை நம்பாமலே செய்யக்கூடிய பங்கு ஒன்று இருக்கிறது. காய்ந்த குப்பையில் விலைபோகும் எதையும் வண்டிக்குக் கொடுக்காதீர்கள். நேராகக் காயலான் கடைக்குப் போகட்டும். ஈரக் குப்பையில் முடிந்ததை வீட்டிலேயே உரமாக்குங்கள். இந்த இரண்டையும் செய்தால் வண்டிக்குப் போவது கால்வாசிதான். அதை அவர்கள் கலந்தாலும் நஷ்டம் குறைவு.

பிரிப்பது சட்டப்படியும் நம் வேலை. மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் குப்பை என்று மூன்றாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016 திடக்கழிவு விதிகளிலேயே சொல்லியிருந்தார்கள். சட்டத்தை விடுங்கள். பிரிக்காத பையைக் கைவிட்டுத் துழாவுகிறவருக்கு உடைந்த கண்ணாடியும் ஊசியும் கையில் ஏறும். எனக்கு அந்த ஒரு காரணம் போதும்.

பால்கனி மட்டும்தான் இருக்கிறது. உரம் போட முடியுமா? நாறாதா?

முடியும். முதல் மாதம் நாறும், பழகும்வரை. பிறகு நாறாது.

இருபது லிட்டர் பெயின்ட் வாளி இரண்டு போதும். பெயின்டரிடமே கேட்டால் கொடுப்பார், ஆன்லைனில் 'கம்போஸ்ட் பின்' என்று இரண்டாயிரம் ரூபாய்க்கு வாங்காதீர்கள். பக்கவாட்டில் சுற்றிலும் ஓட்டை, அடியில் இரண்டு மூன்று ஓட்டை, கீழே ஒரு தட்டு. அடியில் இரண்டு விரல் உயரத்துக்குக் காய்ந்த சருகு அல்லது தென்னை நார்த்தூள். அதன்மேல் அன்றன்றைய காய்கறிக் கழிவு. அதை மூடும் அளவுக்கு மறுபடி சருகு. முதல் தடவை மட்டும் புளித்த மோர் ஒரு டம்ளர் தெளித்தால் வேலை சீக்கிரம் ஆரம்பிக்கும். வாரத்துக்கு இரண்டு முறை குச்சியால் கிளறிவிட வேண்டும். ஒரு வாளி நிரம்பியதும் மூடி ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை ஆரம்பியுங்கள். ஒன்றரை, இரண்டு மாதத்தில் முதல் வாளியில் இருப்பது கருப்பாக, மழை பெய்த மண் வாசனையோடு இருக்கும்.

நாறினால் ஈரம் அதிகம், சருகு போடுங்கள். எறும்பு வந்தால் ஈரம் போதவில்லை, தண்ணீர் தெளியுங்கள். தடித்த பழுப்புப் புழு நெளிந்தால் அலறாதீர்கள், அது ஒருவகை ஈயின் புழு, நம்மைவிட வேகமாக வேலை செய்யும், கடிக்காது. என் மனைவிக்கு இதைப் புரியவைக்க ஆறு மாதம் ஆனது. புரிந்தது என்றும் சொல்ல முடியாது. வாளி இருக்கும் பக்கம் அவள் போவதில்லை, அவ்வளவுதான்.

பால்கனி வாளியில் மீன், கறி, எலும்பு, எண்ணெய் மிதக்கும் குழம்பு வேண்டாம். எலி வரும். சாதம் ஒரு கைப்பிடி பரவாயில்லை. எலுமிச்சைத் தோல் கொஞ்சமாக. தேங்காய் ஓடும் மாங்கொட்டையும் மக்க வருடக்கணக்கில் ஆகும், அவற்றைப் பச்சைக் கூடையிலேயே கொடுத்துவிடுங்கள்.

சருகுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். மாசி, பங்குனியில் நம் தெருக்களில் வேம்பும் புங்கனும் கொட்டித் தீர்க்கும். பெருக்குகிற அம்மாவிடம் சொல்லி இரண்டு சாக்கு கட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழையில் ஊரே நனைந்து கிடக்கும்போது அந்தச் சாக்குதான் கைகொடுக்கும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்க நாற வேண்டியிருந்தது.

காயலான் கடைக்காரர் எதையெல்லாம் எடுப்பார்?

தெருவுக்குத் தெரு மாறும். கேட்டுவிடுங்கள். பொதுவாகப் பேப்பர், அட்டை, இரும்பு, அலுமினியம், செம்பு, தண்ணீர் பாட்டில், எண்ணெய் கேன், ஷாம்பு டப்பா, உடைந்த வாளி, நாற்காலி எல்லாம் போகும். பால் கவரைக் கழுவிக் காயவைத்து மொத்தமாகக் கொடுத்தால் பலர் எடுப்பார்கள், ஈரமாக, புளித்த வாடையோடு கொடுத்தால் யாரும் தொட மாட்டார்கள். கண்ணாடி பாட்டிலுக்கு விலை குறைவு, சிலர் சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்பார்கள்.

எடுக்க மாட்டாதது, உள்ளே வெள்ளியாக மின்னும் எல்லாப் பாக்கெட்டும். சிப்ஸ், பிஸ்கெட், மசாலாத்தூள், ஷாம்பு சாஷே. பிளாஸ்டிக்கும் அலுமினியமும் அடுக்கடுக்காக ஒட்டியிருப்பதால் பிரித்தெடுத்து உருக்க முடியாது. மறுசுழற்சி முத்திரை போட்டிருந்தாலும் அப்படித்தான். இவற்றுக்கு நடக்கக்கூடிய அதிகபட்ச நல்லது, சிமென்ட் ஆலைச் சூளையில் நிலக்கரிக்குப் பதிலாக எரிவது.

என் சொந்த விதி ஒன்று: காயலான் கடைக்காரர் காசு கொடுத்து வாங்கினால் அது மறுசுழற்சி ஆகும். வாங்காவிட்டால் லேபிளில் என்ன எழுதியிருந்தாலும் ஆகாது. கம்பெனி விளம்பரத்தைவிட அவர் தராசை நம்பலாம்.

பால் கவரை எப்படி வெட்டுவது? இதெல்லாம் ஒரு கேள்வியா என்று திட்டாதீர்கள்.

நல்ல கேள்வி. மூலையைத் துண்டாக நறுக்கிப் போடாதீர்கள், ஒரு ஓரம் ஒட்டியிருக்கும்படி கீறுங்கள். அந்தச் சின்ன முக்கோணத் துண்டைப் பொறுக்க எந்த இயந்திரமும் இல்லை, ஆளும் இல்லை. நேராக சிங்க்கில் விழும், சாக்கடையில் போகும். தினம் இரண்டு பாக்கெட் வாங்கும் வீட்டில் வருடத்துக்கு எழுநூறு துண்டுக்கு மேல். செலவே இல்லாமல் செய்யக்கூடிய காரியம் இது.

தோசை மாவுப் பாக்கெட்டுக்கும் இதே கதைதான். மாவு அரைக்கும் கடைக்கு எவர்சில்வர் தூக்கோடு போனால் பெரும்பாலும் தயங்காமல் ஊற்றித் தருவார்கள்.

மஞ்சப்பை உண்மையிலேயே நல்லதா, வெறும் விளம்பரமா?

நல்லதுதான், ஆனால் ஒரு நிபந்தனை. அதைக் கிழியும்வரை பயன்படுத்த வேண்டும்.

பருத்தி சும்மா வருவதில்லை. தண்ணீர், உரம், நூற்பு, சாயம் எல்லாம் சேர்ந்தால் ஒரு துணிப்பைக்கு ஆகும் செலவு, மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடப் பல மடங்கு. 2011-ல் பிரிட்டன் அரசின் சுற்றுச்சூழல் முகமை போட்ட கணக்குப்படி, புவி வெப்பத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், பருத்திப் பையை 131 தடவையாவது பயன்படுத்தினால்தான் ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பையைவிட அது மேல். பயந்துவிடாதீர்கள். வாரத்துக்கு இரண்டு முறை காய் வாங்கினால் ஒன்றேகால் வருடம். எங்கள் வீட்டில் கல்யாணத் தாம்பூலத்தில் வந்த பை ஒன்று, பெயர் அழிந்து மணமக்கள் யாரென்று மறந்து, இன்னும் உருளைக்கிழங்கு சுமக்கிறது.

பிரச்சினை, பை சேர்வது. கல்யாணம், கிரகப்பிரவேசம், வங்கித் திறப்பு விழா, ஜவுளிக்கடை என்று எல்லோரும் துணிப்பை தருகிறார்கள். என் கணக்கில் வீட்டுக்கு ஐந்து போதும். ஆறாவதை வேண்டாம் என்று சொல்வதும் மஞ்சப்பை இயக்கத்தின் பகுதிதான். 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' என்று ஆரம்பித்தபோது அந்த 'மீண்டும்' என்ற சொல் எனக்குப் பிடித்திருந்தது. புதிதாக எதையும் வாங்கச் சொல்லவில்லை, தாத்தா கக்கத்தில் வைத்திருந்ததை எடுக்கச் சொன்னது.

ஒன்றைக் கவனியுங்கள். துணி மாதிரியே இருக்கும், கிழித்தால் பஞ்சு மாதிரி நார் வரும், ஜவுளிக்கடையில் கலர் கலராகத் தருவார்களே, அந்தப் பை துணி இல்லை. அது பாலிபுரொப்பிலீன், சுத்தமான பிளாஸ்டிக். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த 14 பொருட்களில் அதுவும் ஒன்று. வெயிலில் மாதக்கணக்கில் கிடந்தால் பொடிப்பொடியாக உதிரும்.

'மக்கும் பை', பேப்பர் கப் வாங்கலாமா?

'மக்கும்' என்று பச்சை எழுத்தில் போட்டிருக்கும் பைகளில் நிஜமாகவே மக்கக்கூடியவை தொழிற்சாலைச் சூட்டில், கட்டுப்படுத்திய ஈரத்தில் மக்குபவை. நம் பால்கனி வாளியில் அது வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். பாட்டில், கேன் குப்பையோடு கலந்தாலோ அதையும் கெடுக்கும். பேப்பர் கப்பின் உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது, இல்லாவிட்டால் டீ ஒழுகிவிடும். அதனால்தான் அதுவும் தடைப் பட்டியலில் வந்தது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் பேப்பர் கப் மீதான தடையை ஏற்றுக்கொண்டது. டீக்கடையில் "கண்ணாடி கிளாஸ்ல குடுங்க" என்று கேளுங்கள். கிளாஸைக் கழுவுகிற தண்ணீரைப் பார்த்தபிறகும் கேட்பீர்களா என்பது கடையைப் பொறுத்தது. எனக்கே சில கடைகளில் மனசு வருவதில்லை.

மூங்கில் பிரஷ், எவர்சில்வர் ஸ்ட்ரா, கண்ணாடி ஜாடி... எதை முதலில் வாங்கலாம்?

எதையும் வாங்காதீர்கள்.

பச்சை வாழ்க்கை என்று ஆரம்பிப்பவர்கள் முதலில் செய்வது, வீட்டில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பாக்களைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கண்ணாடி ஜாடி வரிசையாக வாங்கி அடுக்குவது. எங்கள் இரண்டாவது மாடியில் ஒரு தம்பதி அப்படிச் செய்தார்கள். அடுத்த வாரம் கீழே காயலான் கடைக்காரர் அந்த டப்பாக்களைச் சாக்கில் அள்ளினார். உளுத்தம்பருப்பு டப்பா பத்து வருடமாக இருக்கிறது, இன்னும் பத்து வருடம் இருக்கும். ஏற்கெனவே செய்தாகிவிட்ட பொருள் அது. உடையட்டும், பிறகு எவர்சில்வர் வாங்குங்கள். அதுவரை சூடான சாம்பாரை மட்டும் பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றாதீர்கள்.

ஸ்ட்ரா விஷயத்தில் எனக்குப் பொறுமையே இல்லை. இளநீரை அண்ணாந்து குடிக்கத் தெரியாதவர்களா நாம்?

புதிதாக வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் என் வரிசை இது: முதலில் பரணில் பாருங்கள். அப்புறம் அக்கம்பக்கத்தில் கேளுங்கள். அப்புறம் ரிப்பேர் செய்யப் பாருங்கள். மிக்ஸி ஜார் பிளேடு, குக்கர் வால்வு, குடைக் கம்பி எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கும் ஊர் இது. ரிச்சி தெருவில் சரிசெய்ய முடியாத மின்னணு சாமான் அநேகமாக நிஜமாகவே செத்துப்போன சாமான். கடைசியாகத்தான் கடை.

பெரிய ஷாம்பு பாட்டிலா, சாஷேவா?

குப்பைக் கணக்கில் பெரிய பாட்டில், சந்தேகமில்லை. அது காயலான் கடைக்குப் போகும், சாஷே போகாது. ஆனால் பெரிய பாட்டில் என்றால் கை தாராளமாகும். சாஷே என்றால் அளந்து செலவாகும். சாஷே வியாபாரத்துக்கு வழிகாட்டியதே நம் கடலூர்தான். நூறு ரூபாயை மொத்தமாக எடுத்து வைக்க முடியாத வீட்டில் இரண்டு ரூபாய்க்குத் தலைக்குக் குளிக்கும் வசதி அது. அவர்களைப் பார்த்துக் குறை சொல்ல நான் தயாரில்லை. மாதச் சம்பளக்காரர்கள் வாங்குவதுதான் புரியவில்லை. சீயக்காய் அரைத்து வைத்துக்கொள்ளும் பொறுமை இருந்தால் நல்லது. எங்கள் வீட்டில் அது தீபாவளிக்கு மட்டும்.

தண்ணீர் கேனா, ஆர்.ஓ.வா?

முதலில் உங்கள் தண்ணீரைப் பாருங்கள். உப்பு அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்தான், குடியிருப்புக்கு ஒன்று போதும். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் இந்தியத் தரப்படி குடிநீருக்கு அதுவே ஏற்ற அளவு, ஆர்.ஓ. தேவையில்லை. வடிகட்டிக் காய்ச்சினால் போதும், அல்லது கிருமியைக் கொல்லும் யு.வி. கருவி. மெட்ரோ வாட்டர் வரும் வீடுகளில் பலர் தேவையில்லாமல் ஆர்.ஓ. ஓட்டுகிறார்கள்.

எங்கள் போர்வெல் கதை வேறு. ஆயிரத்தைத் தாண்டும், காபி திரிந்துபோகும். ஆர்.ஓ. போட்டோம். வீட்டு ஆர்.ஓ. ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் தர இரண்டு, மூன்று லிட்டரை வெளியே தள்ளும். 2019 கோடையில் லாரிக்காகக் குடத்தோடு நின்ற ஊரில் அதைச் சாக்கடையில் விட மனசு வருமா? குழாயை ஒரு வாளியில் விட்டு, தரை துடைக்க, கழிவறைக்கு ஊற்ற, பாத்திரம் முதல் அலசலுக்கு எடுத்துக்கொள்கிறோம். செடிக்கு வேண்டாம், உப்பு ஏறிவிடும். என் துளசி ஒன்று அப்படித்தான் போனது.

இருபது லிட்டர் கேன் குப்பைக் கணக்கில் மோசமில்லை. ஒரே கேன் பலமுறை சுற்றிவருகிறது. ஒழிக்க வேண்டியது ஒரு லிட்டர், அரை லிட்டர் பாட்டில். சங்கக் கூட்டத்துக்கு அதை வாங்கி வைக்கும் பழக்கத்தை நிறுத்தியதுதான் என் பதவிக்காலச் சாதனை. எவர்சில்வர் ஜக்கும் ஆறு டம்ளரும்.

ஹோட்டலில் பார்சல் வாங்கினால் வீடு நிறைய டப்பா சேர்கிறதே?

பக்கத்து மெஸ் என்றால் தூக்குவாளி எடுத்துப் போங்கள். முதல் நாள் கூச்சமாக இருந்தது. நான்காம் நாள் மாஸ்டர் டப்பா காசு மிச்சம் என்று ஒரு கரண்டி சாம்பார் கூடுதலாக ஊற்றினார். செயலியில் வரவழைத்தால் ஸ்பூன், டிஷ்யூ வேண்டாம் என்ற கட்டத்தைத் தட்டுங்கள். வரும் கருப்பு டப்பாக்களில் நல்லதாக நான்கை வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கழுவிக் காயலான் கடைக்கு. எண்ணெய்ப் பிசுக்கோடு கொடுக்காதீர்கள்.

ஆனால் இதைவிட முக்கியம், வாங்கியதைச் சாப்பிட்டு முடிப்பது. வீணாகும் ஒரு பிரியாணியில் போன அரிசி, தண்ணீர், கறியின் கணக்குக்கு முன்னால் அந்த டப்பா ஒன்றுமில்லை. மிஞ்சிய சாதத்தில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் பழையது, சின்ன வெங்காயம் போதும். கோடையில் வடாம்.

நாப்கின், டயப்பர்?

பழைய பேப்பரில் சுற்றி, மேலே சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போட்டுத் தனியாகக் கொடுங்கள். ஈரக் குப்பையோடு போட்டால் அந்த மொத்தக் கூடையும் உரத்துக்கு உதவாது. கழிவறையில் போட்டால் அடைப்பு எடுக்க ஒரு மனிதர் வர வேண்டும். அதை நினைத்துக்கொண்டால் கை தானாக நிற்கும். மாதவிடாய்க் கப் பல வருடம் வரும் என்று வீட்டில் பயன்படுத்துபவர்கள் சொல்கிறார்கள். அது அவரவர் உடம்பு, அவரவர் முடிவு, செயலாளர் தலையிடும் விஷயம் இல்லை. குழந்தைக்குப் பகலில் துணி, இரவில் டயப்பர் என்று வைத்தாலே பாதி குறையும். முழுக்கத் துணிதான் என்று துவைக்கும் வேலையைப் பெற்றவள் தலையில் கட்டும் ஆண்கள் முதலில் ஒரு வாரம் துவைத்துவிட்டுப் பேசலாம்.

பழைய போன், பேட்டரி, டியூப்லைட்?

எதையும் கூடையில் போடாதீர்கள். லித்தியம் பேட்டரி நசுங்கினால் குப்பை வண்டியிலேயே தீப்பிடிக்கும். பழைய வகை டியூப்லைட்டிலும் சி.எஃப்.எல். பல்பிலும் பாதரசம் இருக்கிறது, உடைக்கக் கூடாது. எங்கள் குடியிருப்பில் கீழே ஒரு டிரம் வைத்திருக்கிறோம். நிரம்பியதும் அங்கீகாரம் பெற்ற மின்கழிவு நிறுவனத்தை வரச் சொல்வோம். ஒரு வீட்டுக்காக வர மாட்டார்கள், பன்னிரண்டு வீட்டுக்கு வருவார்கள்.

ஃபேன் நன்றாக ஓடுகிறது. மின்சாரம் மிச்சமாகும் என்று மாற்றலாமா?

மேலே 'எதையும் வாங்காதீர்கள்' என்றேன், இது விலக்கு. ஓடிக்கொண்டே இருந்தால் மின்சாரத்தைத் தின்னும் பொருளுக்குக் கணக்கு வேறு. பழைய சீலிங் ஃபேன் 75 வாட் வரை எடுக்கும், பி.எல்.டி.சி. என்ற புதுவகை மோட்டார் உள்ள ஃபேன் 30 வாட் அளவில். தினம் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் ஒரு ஃபேனுக்கு 32 யூனிட் குறையும். பில் 500 யூனிட்டைச் சுற்றி நிற்கும் வீடுகளுக்கு இது பெரிய விஷயம், அந்தக் கோட்டைத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளுக்கும் விலை ஏறிவிடும். அதிகம் ஓடும் ஹால் ஃபேனை மட்டும் மாற்றுங்கள். விருந்தாளி அறை ஃபேன் அப்படியே இருக்கட்டும்.

போகிக்குப் பழசை எரிக்கலாமா?

கூடாது. அந்தக் காலத்தில் எரித்தது பாய், துடைப்பம், ஓலை. இப்போது எரிவது டயர், ரெக்சின், பாலியஸ்டர். 2018 போகியன்று காலை சென்னையில் புகைமூட்டத்தில் விமானங்களே தாமதமாயின. பிள்ளைகள் மேளம் அடிக்கட்டும், நெருப்புக்கு இரண்டு வரட்டி போதும். பழைய துணியில் பருத்தி எல்லாம் கைப்பிடித் துணி ஆகும், அப்பாவின் பழைய வேட்டியைப்போல் தண்ணீர் உறிஞ்சும் துணி கடையில் கிடைக்காது. நல்ல நிலையில் உள்ளதைத் துவைத்து மடித்து, வாங்கிக்கொள்பவரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். கிழிந்ததைத் தானம் என்று தள்ளிவிடுவது தானம் இல்லை.

நான் ஒருத்தி பிரித்து என்ன ஆகப்போகிறது? இந்த ஊரில் தினம் ஐயாயிரம் டன் என்கிறார்களே.

ஐயாயிரம் டன்னுக்கு மேல்தான். உங்கள் வாளியால் அது குறைவது கண்ணுக்குத் தெரியாது, உண்மை. பாக்கெட்டைச் செய்யும் கம்பெனிக்கும் அதை அனுமதிக்கும் அரசுக்கும் உங்களைவிடப் பொறுப்பு அதிகம். அதனால் குற்ற உணர்ச்சியோடு இதைச் செய்யாதீர்கள், நீடிக்காது. எங்கள் குடியிருப்பில் வெறியோடு ஆரம்பித்த மூன்று வீடுகள் மூன்றாம் மாதம் கைவிட்டன. இன்றும் தொடர்பவர் முதல் மாடிப் பெரியவர். அவர் செய்வது இரண்டே விஷயம்: ஈரம் தனி, பேப்பர் காசுக்கு. பேப்பர் காசில் மாதம் ஒருமுறை மசால் தோசை.

வேலைக்கு வரும் அக்கா எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுவிடுகிறார். எத்தனை முறை சொல்வது?

எங்கே நின்று குப்பை போடுகிறார் என்று பாருங்கள். எங்கள் வீட்டில் பச்சைக் கூடை சிங்க்குக்குக் கீழேயும் நீலக் கூடை பால்கனியிலும் இருந்தது. கையில் ஈரத்தோடு பால்கனிவரை யார் நடப்பார்? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன், அன்றே சரியானது. காயலான் கடைக் காசு அவருக்கே என்று என் மனைவி சொன்னாள். அதற்குப் பிறகு பிரிக்காமல் போடுவது நான்தான் என்று அக்கா என்னைத் திட்டுகிறார்.

அம்மா எல்லாக் கவரையும் கழுவி, மடித்து, மெத்தைக்கு அடியில் சேர்த்து வைக்கிறார். நிறுத்த முடியவில்லை.

ஏன் நிறுத்த வேண்டும்? மெத்தை சாயும் அளவுக்கு வந்ததும் ஒரு கட்டு எடுத்துப் பூக்காரம்மாவிடமோ மீன்காரரிடமோ கொடுங்கள். அம்மா இல்லாத நேரமாகப் பார்த்துக் கொடுங்கள். அவர் எண்ணி வைத்திருப்பார்.